சந்தனமும் ஒட்டுப்பட்டையும்

நாகூர் தர்காவின் கந்தூரி விழாவின்போது நாகப்பட்டினத்திலிருந்து சந்தனக்கூடு நாகூருக்கு வந்து சேரும் இரவில், ஷாகுல் ஹமீது ஆண்டகையின் சமாதியில் பூசிய சந்தனத்தில் ஒரு துளி கிடைக்காதா என்று மதம் பாராமல் கூட்டம் நெருக்கும். தடவினால் உடம்பில் இறங்கும் என்ற நம்பிக்கை டெல்டாவுக்குப் பழையது. எண்ணெய்க் குளியலும் பற்றும் அந்த வழிதான். எவ்வளவு இறங்கியது என்று அளக்கத்தான் அங்கே வழியில்லை. மாதவிடாய் நின்ற பெண்களுக்கான ஹார்மோன் ஒட்டுப்பட்டை அந்த அளவைக் கைக்கொண்டது.

ஆனால் முதலில் வென்றது மாத்திரை. சினைக் குதிரையின் சிறுநீரிலிருந்து எடுத்த ஈஸ்ட்ரோஜன் 1942-இல் அமெரிக்கச் சந்தைக்கு வந்தது. விழுங்கிய மருந்து குடலிலிருந்து நேரே கல்லீரலுக்குப் போய், இரத்தத்தை உறைய வைக்கும் புரதங்களைக் கூட்டிவிடுகிறது. 1986-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற பட்டை, கல்லீரலைச் சுற்றிப்போய் மருந்தைத் தோல்வழியே இரத்தத்தில் சேர்த்தது. வாரம் இருமுறை மாற்றினால் போதும். 2002-இல் ஒரு பெரிய அமெரிக்க ஆய்வு இரத்தக்கட்டு, மார்பகப் புற்று அபாயங்களைச் சொன்னதும் பலரும் ஹார்மோனையே ஒதுக்கினார்கள். அந்த ஆய்வுப் பெண்கள் விழுங்கியது மாத்திரை என்பது பேச்சில் அடிபடவில்லை. மறு ஆண்டே பிரான்சின் எஸ்தர் ஆய்வு, இரத்தக்கட்டு மாத்திரையில் கூடுவதையும் தோல்வழியில் கூடாததையும் காட்டியது.

அப்படியானால் பட்டையில் தீங்கே இல்லையா? உண்டு. கருப்பை உள்ளவர் ஈஸ்ட்ரோஜனை மட்டும் எடுத்தால் கருப்பை உட்சுவரில் புற்று கூடும் என்பது 1975-லேயே தெரிந்தது. பட்டைக்கும் அது பொருந்தும், புரோஜெஸ்டிரோன் கூடவே வேண்டும். மாதவிடாய் இயற்கையாய் நிற்பதற்கு மருந்து எதற்கு என்பவர்கள் வெள்ளெழுத்துக்குக் கண்ணாடி போடத் தயங்குவதில்லை. இந்தியப் பெண்களுக்கு மாதவிடாய் சராசரியாக 46 வயதையொட்டி, மேலை நாட்டவரைவிடச் சில ஆண்டுகள் முன்பே நின்றுவிடுகிறது. ஈஸ்ட்ரோஜன் குறைந்து எலும்பு தேயும் காலமும் அவ்வளவுக்கு நீள்கிறது.