ரூபாய் எடை

அன்றாடம் நாம் வழங்கும் சில சொற்களின் பூர்வீகம், ஊரைவிட்டு வெளியே வந்த பிறகுதான் தெரியவருகிறது. சென்னைத் தங்கசாலைத் தெருவை நேயர்களில் பலர் பார்த்திருப்பீர்கள். பொன் நாணயம் அடித்த இடமாகையால் அப்பெயர் வந்தது என்றே நாமும் இளமையில் நம்பியிருந்தோம். மத்திய சர்க்காரில் மொழிபெயர்ப்பு உத்தியோகம் ஏற்றுத் தில்லிக்குப் போன பிறகு, இந்தியில் நாணயச்சாலைக்கு ‘டக்ஸால்’ என்று பெயர் என அறிந்தோம். கல்கத்தாவுக்கு மாற்றலாகி வந்தபோது, வங்காளிகள் அதையே ‘டாங்க்ஷால்’ என்று சொல்லக் கேட்டோம். எல்லாம் ‘டங்கசாலா’ என்னும் வடசொல்லின் வழிவந்தவை. டங்கம் என்பது முத்திரையிட்ட காசு. டகரம் தமிழில் மொழிக்கு முதலாகாது. ஆகவே டங்கம் தங்கமாயிற்று, கேட்பவர் மனத்தில் பொன்னாகவும் ஆயிற்று. ‘கம்பட்டக்கூடம்’ என்ற நல்ல சொல் ஒன்று நம்மிடம் இருக்கத்தான் இருக்கிறது. ஆனால் அது அகராதியைவிட்டு வெளியே வருவதில்லை.

கல்கத்தா 2001 முதல் கொல்கத்தா ஆகிவிட்டது. பழைய செய்திகளைச் சொல்லுமிடத்துப் பழைய பெயரையே வழங்குகிறோம், நேயர்கள் பொறுத்தருள்க.

நமக்கு நாணயம் சேகரிக்கும் பழக்கம் உண்டு. பெரிய சேகரம் அன்று. ஐந்து அட்டைப்பெட்டிகளில் அடங்கும். அவற்றில் ஒன்று பாட்டியார் விட்டுச்சென்ற 1835-ஆம் ஆண்டு வெள்ளி ரூபாய். நான்காம் வில்லியம் மன்னரின் தலை பொறித்தது. ஒரு காலத்தில் வளையம் பற்றவைத்துக் கழுத்தில் அணிந்திருந்த காசு. வளையம் போய்ப் பற்றின் வடு மட்டும் மேலே நிற்கிறது. போதாததற்கு, பத்து வயதில் நாமே அதைப் புளியும் சாம்பலும் இட்டுப் பளபளவென்று துலக்கிவிட்டோம். இவ்விரு குற்றமும் உள்ள காசைச் சேகரிப்போர் ஏறெடுத்தும் பாரார். வெள்ளி விலைக்குத்தான் போகும் என்று ஒரு வியாபாரி முகத்துக்கு நேராகவே சொன்னார். இந்நிலையில் ஊரிலிருந்து தங்கை, தன் மகளுக்குக் கொலுசு செய்ய வீட்டிலுள்ள பழைய வெள்ளியையெல்லாம் உருக்கப் போவதாகவும், பாட்டியின் ரூபாயையும் அதில் சேர்த்துக்கொள்ளலாமா என்றும் கேட்டு எழுதினாள். அவள் கேட்டதில் தவறில்லை. அவளும் பாட்டிக்குப் பேத்திதானே. ஒரு மாதம் தவணை கேட்டோம். அந்த மாதத்தில்தான் இக்காசு பிறந்த இடத்தைப் பார்த்துவிடுவது என்று புறப்பட்டோம்.

காசில் மன்னரின் கழுத்தடியில் ‘எஃப்’ என்னும் ஆங்கில எழுத்தொன்று மிகச் சிறிதாக இருக்கிறது. அது கல்கத்தா நாணயச்சாலையில் பணிபுரிந்த வில்லியம் நெய்ர்ன் ஃபோர்ப்ஸ் என்ற இராணுவப் பொறியாளரைக் குறிப்பது. ஹூக்ளி நதிக்கரையில் ஸ்டிராண்ட் சாலையில் நிற்கும் பழைய நாணயச்சாலையைக் கட்டியவரும் அவரே. 1824-இல் அடிக்கல் நாட்டி, 1829 ஆகஸ்டு முதல் தேதி வேலை தொடங்கிற்று. ஏதென்ஸ் நகரத்துக் கோயிலின் முகப்பைப் பாதியளவில் பார்த்துச் செய்த முகப்பு, பருத்த தூண்கள். தொடக்கத்தில் நாளொன்றுக்கு 3 லட்சம் முதல் 6 லட்சம் காசுகள் வரை இங்கே அடித்தார்கள். நாம் போனபோது தூண்களுக்கிடையே செடி முளைத்திருந்தது. சாலையோரம் நின்று பார்த்துவிட்டுத் திரும்பினோம்.

1835-க்கு முன் கல்கத்தாவில் அடித்த ரூபாய்க்குச் சிக்கா ரூபாய் என்று பெயர். அதன் கதை வேடிக்கையானது. காசு கல்கத்தாவில் பிறக்கும். மேலே பொறித்த ஊர்ப்பெயரோ முர்ஷிதாபாத். பிறந்த ஊர் ஒன்று, சொல்லிக்கொள்ளும் ஊர் ஒன்று. வெளி மாநிலங்களில் வாழும் நம்மவருக்கு இது விளங்காத செய்தியன்று. ஆட்சியாண்டிலும் ஒரு சூழ்ச்சி உண்டு. புதுக் காசுக்கு முழு மதிப்புக் கொடுக்கும் சராபுகள், ஆண்டு கடந்த காசுக்கு வட்டம் பிடித்துக்கொண்டு குறைத்துக் கொடுப்பது வழக்கம். ஏழைக் குடியானவன் கையிலிருந்த காசு, தேயாமலே ஆண்டுதோறும் இளைத்தது. இதைத் தடுக்கக் கம்பெனியார், ஷா ஆலம் பாதுஷாவின் 19-ஆம் ஆட்சியாண்டையே எல்லாக் காசிலும் நிலையாகப் பொறித்துவிட்டார்கள். பாதுஷா 1806-இல் காலமானார். காசில் மட்டும் அவருக்கு என்றும் 19-ஆம் ஆண்டே நடந்தது.

அக்காலத்தில் சென்னையில் வேறு உலகம். அங்கே கணக்கு வராகனில். ஒரு நட்சத்திர வராகனுக்கு 42 பணம், ஒரு பணத்துக்கு 80 காசு. ஆக வராகனுக்கு 3,360 காசு. நம் கணக்கர்கள் மனக்கணக்கில் வல்லவராய் இருந்ததில் வியப்பென்ன! 1807-ஐ ஒட்டிச் சென்னையில் அடித்த இரட்டைப் பண வெள்ளிக்காசில் ஆங்கிலம், பாரசீகம், தமிழ், தெலுங்கு ஆகிய நான்கு எழுத்துகளும் உண்டு. ஒரு நூற்றாண்டுக்குப்பின் வெளிவந்த நெளிவிளிம்பு ஓரணா நாணயத்தில் உருது, நாகரி, வங்காளம், தெலுங்கு எல்லாம் இடம்பெற்றன, தமிழ் இடம்பெறவில்லை. மொழிபெயர்ப்பாளராகிய நமக்கு அந்த ஓரணாவைக் காணும்போதெல்லாம் சற்றே வருத்தந்தான். 2009-இல் வெளியான அறிஞர் அண்ணா நூற்றாண்டு ஐந்து ரூபாயில், அவர் கையெழுத்தாகத் தமிழ் எழுத்து வந்ததைக் கண்டு அது ஒருவாறு தீர்ந்தது.

1818-இல் சென்னை அரசாங்கம் வராகனைக் கைவிட்டு, வெள்ளி ரூபாயையே அளவைக் காசாகக் கொண்டது. அதன் எடை 180 கிரெயின்; அதில் சுத்த வெள்ளி 165, எஞ்சியது கலப்பு. பன்னிரண்டில் பதினொரு பங்கு வெள்ளி என்ற நேரான கணக்கு. அதே ஆண்டில் ஏற்பட்ட கல்கத்தாச் சிக்கா ரூபாயோ ஏறக்குறைய 192 கிரெயின். பம்பாய் 1824-இல் சென்னை அளவையே ஏற்றுக்கொண்டது. கடைசியாக 1835-ஆம் ஆண்டின் 17-ஆம் சட்டம், கம்பெனி ஆட்சிக்குட்பட்ட பகுதி முழுவதற்கும் ஒரே ரூபாயை விதித்தபோது, கல்கத்தாவின் 192 நிற்கவில்லை. சென்னையின் 180 நின்றது. தலைநகரம் தன் எடையை விட்டுச் சென்னை எடைக்கு இறங்கிவந்தது என்பதை, நாம் எத்தனையோ ஆண்டுகள் நாணயம் சேர்த்தும் அறியாதிருந்தோம். பாட்டியின் காசில் கல்கத்தாப் பொறியாளரின் எழுத்து இருக்கிறது. எடை மட்டும் சென்னையினுடையது.

இந்த மாற்றத்துக்காக உழைத்தவர்களில் ஜேம்ஸ் பிரின்ஸெப் முக்கியமானவர். கல்கத்தா நாணயச்சாலையில் உலோகத்தின் மாற்று அறியும் தலைமை அதிகாரியாக 1832-இல் அமர்ந்தார். பகலெல்லாம் தராசும் புடமும். எஞ்சிய நேரத்தில் பழங்காசுகளும் கல்வெட்டுகளும். சாஞ்சியில் சிறு சிறு கல்வெட்டுகளின் இறுதியில் ஒரே எழுத்துகள் திரும்பத் திரும்ப வருவதைக் கவனித்து, அது ‘தானம்’ என்னும் சொல்லாக இருத்தல் வேண்டும் என்று ஊகித்து, 1837-இல் பிராமி எழுத்தைப் படித்தார். அவ்வழி திறந்திராவிடில், பாண்டிநாட்டுக் குகைகளில் வெட்டியிருக்கும் தமிழ்ப் பிராமியை அறிஞர்கள் பிற்காலத்தில் படித்திருக்க முடியுமா? உழைப்பு மிகுதியால் நோயுற்று, 1840-இல் இலண்டனில், நாற்பது வயதில் காலமானார். அவர் பெயரால் அமைந்த படித்துறை ஹூக்ளிக் கரையில் இன்றும் உண்டு. மாலை வேளையில் காற்று வாங்கக் கூடும் கூட்டத்தில் நம் தமிழ்க் குடும்பங்களையும் காணலாம்.

180 கிரெயினே தோலா என்னும் நிறையும் ஆயிற்று. தமிழ்நாட்டில் வைத்தியர்கள் சுக்கும் திப்பிலியும் ‘ஒரு ரூபாய் எடை’ என்று எழுதிக்கொடுத்தார்களே, அது இந்த ரூபாயின் எடைதான். இக்காலக் கணக்கில் 11.66 கிராம். பாட்டியின் காசை பெளபஜாரில் ஒரு நகைக்கடைத் தராசில் நிறுத்தோம்: 11.39. ஏறக்குறைய 190 ஆண்டுகளில் கைபட்டும் கழுத்துப்பட்டும், நம் புளி பட்டும் போனது கால் கிராமுக்குச் சற்றே அதிகம்.

சென்னை நாணயச்சாலை 1869-இல் அடியோடு மூடப்பட்டது. அது இருந்த இடத்தில் அரசாங்க அச்சகம் நடந்தது. காசு அடித்த இடத்தில் காகிதம் அடித்தார்கள். தெருவின் பெயர் மட்டும் மாறவில்லை.

இனி அலிப்பூர். ஸ்டிராண்ட் சாலைக் கட்டடம் போதாமற்போகவே கட்டப்பட்ட இப்புதிய நாணயச்சாலையை 1952 மார்ச் 19-ஆம் தேதி நிதியமைச்சர் தேஷ்முக் திறந்துவைத்தார். உரிய அனுமதி பெற்று, சேகரிப்போர் சிலருடன் நாமும் போனோம். பாட்டியின் காசைப் பிறந்த வீட்டுக்கு அழைத்துப் போவதாக எண்ணிச் சட்டைப்பையில் வைத்திருந்தோம். வாயிலில் காவலர் மறித்தார். சல்லிக்காசும் உள்ளே போகலாகாது; வெளியே வரவும் கூடாது. நியாயந்தான். புத்தகத்தில் ‘பழைய வெள்ளி ரூபாய் ஒன்று’ என்று எழுதிக் கையொப்பமிட்டு ஒப்படைத்தோம்.

உள்ளே பேச்சுக்கு இடமில்லை. யந்திரங்களின் ஓசை அத்தகையது. வெற்று வில்லைகள் ஒரு பக்கம் போகின்றன. மேலச்சும் கீழச்சும் ஒரே கணத்தில் கவ்வுகின்றன; சுற்றியுள்ள எஃகு வளையம் உலோகம் பிதுங்காமல் பிடிக்கிறது. மறுபக்கம் காசு விழுகிறது. கையில் சம்மட்டி கொண்டு ஒவ்வொன்றாக அடித்த காலம் எங்கே, நிமிடத்துக்கு நூற்றுக்கணக்கில் சொரியும் இக்காலம் எங்கே! இப்போது ஒரு ரூபாய் துருப்பிடிக்காத எஃகினால் ஆனது. அதற்கான வில்லைகளை வெட்டும் பிரிவொன்று நம் சேலம் உருக்காலையில் 1993 முதல் உண்டு. பம்பாய்க்கு வைரக்குறி, ஐதராபாத்துக்கு நட்சத்திரம், 1988-இல் தொடங்கிய நொய்டாவுக்குப் புள்ளி என்று ஒவ்வொரு சாலையும் தன் காசில் ஆண்டின் கீழே ஓர் அடையாளம் இடும். கல்கத்தா ஒன்றும் இடுவதில்லை; குறியின்மையே அதன் குறி.

அலிப்பூருக்கு இன்னொரு வரலாறும் உண்டு. அதைப் பிரசித்தமாகப் பேசுவாரில்லை. 1940-இல் போர்க்கால நெருக்கடியில் ரூபாயின் வெள்ளி பாதியாகக் குறைந்தது; 1947-இல் வெள்ளி அறவே போய் நிக்கல் வந்தது. இடையில் இந்தியாவுக்காக அமெரிக்காவிடமிருந்து 22 கோடியே 60 லட்சம் அவுன்ஸ் வெள்ளி கடனாகப் பெறப்பட்டது. பிரிவினைக்குப்பின் இந்தியாவும் பாகிஸ்தானும் பங்கிட்டுக்கொண்ட அக்கடனை 1957-க்குள் வெள்ளியாகவே திருப்ப வேண்டியிருந்தது. எனவே வெள்ளி கலந்த பழைய நாணயங்களைத் திரும்பப் பெற்றார்கள். பாதி வெள்ளிக் காசுகளிலிருந்து வெள்ளியைப் பிரித்தெடுக்க அலிப்பூரிலேயே சுத்திகரிப்பு ஆலை அமைத்தார்கள். கடன் தீர்ந்தது, நாட்டின் சொல் காப்பாற்றப்பட்டது. எத்தனை முந்தானை முடிச்சுகளிலும் உண்டியல்களிலும் இருந்த ரூபாய்கள் உலையில் ஒன்றாய்க் கலந்தனவோ! கழுத்தில் தொங்கியதால் பாட்டியின் காசு அந்த உலைக்குத் தப்பிற்று. சேகரிப்போர் வெறுக்கும் அந்தப் பற்று வடுதான் அதைக் காத்தது.

வெளியே வந்ததும் காவலர் புத்தகத்தைப் பார்த்துக் காசை எடுத்தார். உடனே தந்துவிடவில்லை. உள்ளங்கையில் வைத்து, இரண்டு முறை மெல்லத் தூக்கிப் பார்த்தார். “புரொனோ டாகா” என்றார் வங்காளத்தில். பழைய ரூபாய் என்று பொருள். டங்கம், டாங்க்ஷால், டாகா. “பாட்டியினுடையது, தாதா” என்று நமக்குத் தெரிந்த வங்காளத்தில் சொல்லி வாங்கிக்கொண்டோம்.

அன்றிரவே தங்கைக்கு எழுதினோம். காசு வராது என்றும், அதற்கு ஈடாக 11.66 கிராம் வெள்ளிக்குப் பணம் அனுப்புகிறோம் என்றும். பதில் மூன்றே வரியில் வந்தது: “நல்லது அண்ணா. கொலுசு செய்தாயிற்று. அடுத்த முறை வரும்போது அந்தக் காசைக் கொண்டுவாருங்கள். மகள் பார்க்க வேண்டும் என்கிறாள்.”