மலாயா உத்தியோகமும் யாழ்ப்பாணத்துக் குடும்பமும்

பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதிப் பகுதியில் யாழ்ப்பாணத்து இளைஞர் கப்பலேறி மலாய் நாடு சென்ற வரலாற்றைக் கூறுவோர், அதனை வறுமையின் விளைவென்றோ துணிவின் விளைவென்றோ கூறி அமைவர். இரண்டும் முழுமையான விடையல்ல. அவருட் பெரும்பாலோர் கூலி வேலைக்குச் சென்றவரல்லர். ஆங்கிலக் கல்வியைக் கைம்முதலாகக் கொண்டு மாதச் சம்பளத்தை நாடிச் சென்றவர். ஆங்கே குடியேறிவிடும் எண்ணத்தோடும் அவர் சென்றாரல்லர். உத்தியோகக் காலம் முடிந்ததும் ஊர் திரும்புதல் என்பதே புறப்படும்போது குடும்பத்தாரும் அவரும் மனத்துட் கொண்ட ஏற்பாடு. அவ்வேற்பாடு எவற்றால் நிலைபெற்றது, எவ்விடத்து நெகிழ்ந்தது என்பதே ஈண்டு ஆராயத்தக்கது.

1869ஆம் ஆண்டளவில் இலங்கைக் கோப்பித் தோட்டங்களிற் பரவத் தொடங்கிய இலைநோய், அடுத்த பதினைந்து ஆண்டுகளுள் அப்பயிரையே அழித்தது. 1884இல் ஓரியண்டல் வங்கி முறிந்தது. அரசிறை சுருங்கவே கொழும்புக் கந்தோர்களிற் புதிய இடங்கள் அருகின. யாழ்ப்பாணத்திலோ, 1823இல் அமெரிக்க மிசனரிமார் வட்டுக்கோட்டையிற் செமினரியைத் தொடங்கிய காலமுதல் ஆங்கிலங் கற்றோர் தொகை ஆண்டுதோறும் பெருகி வந்தது. 1888இல் தோன்றிய சைவபரிபாலன சபை 1890இல் இந்துக் கல்லூரியைப் பொறுப்பேற்றதும், சைவப் பிள்ளைகள் தம் சமயத்தை விடாது அக்கல்வியைப் பெறவேண்டும் என்னும் நோக்கத்தினாலேயாம். கற்றவர் மிக, இடங்கள் குறைந்தன.

அதே காலத்தில் மலாய் நாட்டு நிலைமை இதற்கு நேர்மாறாயிருந்தது. 1874இன் பின் பிரித்தானியர் ஆட்சி பரவப் பரவ, வெள்ளீயச் சுரங்கங்களை அடுத்துப் பாதைகளும் புகையிரத வீதிகளும் எழுந்தன. கணக்கெழுதவும் அளவையிடவும் ஆங்கிலம் அறிந்தோர் போதியவராக இலர். தைப்பிங்கிலிருந்து போட் வெல்ட் வரை எட்டு மைல் நீளமான முதற் புகையிரதப் பாதை 1885 யூன் முதலாந் திகதி திறக்கப்பட்டது. அதனை அமைக்க உழைத்தோர் இலங்கைப் பயனியர் படையினரே. இலங்கை மராமத்துப் பகுதியிற் பணியாற்றிய சார்ள்ஸ் எட்வின் ஸ்பூனர் 1891இற் சிலாங்கூர் எந்திரியாகச் சென்று, 1901இல் ஒன்றிணைக்கப்பட்ட மலாய் நாட்டுப் புகையிரதப் பகுதிக்குப் பொது முகாமையாளரானார். ஓர் அதிகாரி தாம் முன்னர் அறிந்த ஊழியரையே புதிய இடத்தும் நாடுவது இயல்பு. பின்னர் ஒருவர் தம் தம்பியை அழைக்க, அவர் மைத்துனரை அழைக்க, புகையிரத நிலைய அதிபர், இலிகிதர், படவரைஞர் முதலிய உத்தியோகங்கள் யாழ்ப்பாணத்தவர்க்கே உரியன போலாயின.

ஒருவர் சென்றார் என்பதினும் ஒரு குடும்பம் அவரை அனுப்பியது என்பதே பொருந்தும். காணியை ஈடுவைத்தும் நகையை விற்றும் வழிச்செலவு தேடிய வீடுகள் பல. 1905இல் வடபகுதிப் புகையிரதப் பாதை முற்றுப்பெறும்வரை கொழும்பை அடைதலே பெரும் பயணமாக, அதன்பின் வங்கக் கடலைக் கடந்து பினாங்கை அடைதல் வேண்டும். கோலாலம்பூர் அன்று புத்தம் புதிய நகரம். 1881இல் தீயாலும் வெள்ளத்தாலும் அழிந்த அத்தாப்புக் குடிசைகளுக்கு ஈடாகச் செங்கல் வீடுகள் எழுந்தபோது, செங்கற் சூளைகள் இருந்த இடமே பிரிக்பீல்ட்ஸ் எனப் பெயர்பெற்றது. புகையிரதப் பகுதியார் அங்கே கட்டிய வரிசை வீடுகளிலும் செந்தூலிலும் நம்மவர் தங்கினர். மணமாகாதோர் பலர் ஒரு வீட்டைக் கூட்டாக வாடகைக்கெடுத்து, ஒரு சமையற்காரனை அமர்த்தி உண்டு, மிச்சம் பிடித்ததை ஊருக்கு அனுப்பினர்.

அனுப்பிய பணத்தின் வலிமை நாணய மாற்றினால் விளங்கும். 1906இல் மலாய் டொலரின் பெறுமதி இரண்டு சிலிங் நான்கு பென்சாக நிறுத்தப்பட்டது. ரூபாவின் பெறுமதி அன்று ஒரு சிலிங் நான்கு பென்சு. ஆகவே ஒரு டொலர் ஒன்றே முக்கால் ரூபாவாகும். மாதம் 20 டொலர் மிச்சம் பிடித்தவர் வீட்டில் 35 ரூபா சேர்ந்தது. அப்பணத்தால் ஈடு மீட்கப்பட்டது, தங்கையர்க்குச் சீதனம் அமைந்தது, கோயில்கள் திருப்பணி கண்டன, பள்ளிக்கூடங்கட்குக் கட்டடம் எழுந்தது. காணி விலையும் சீதனத் தொகையும் அதனாலேயே ஏறின என்பதையும் மறைத்தலாகாது. மலாயா மாப்பிள்ளை கிடைத்த வீட்டிற்கு அது பேறு. அருகில் இருந்த, கடல் கடவாத கமக்காரன் மகளுக்கு அது இடர்.

சட்டமும் திரும்புதலையே எதிர்நோக்கியிருந்தது. 1707இல் ஒல்லாந்தர் காலத்தில் எழுத்துருப் பெற்ற தேசவழமை, யாழ்ப்பாண மாகாணத்து வதிவாளருக்கே உரியது. உத்தியோகத்தின் பொருட்டு வேறிடத்தில் இருப்பதால் மட்டும் ஒருவர் அவ்வதிவை இழப்பதில்லை. ஓய்வூதியமும் இதற்குத் துணையாயிற்று. முப்பது ஆண்டு உழைத்தவர் ஊரில் இருந்தவாறே மாதந்தோறும் பணம் பெறலாம். மலாயன் பென்சனியர் என ஒரு வகுப்பாரே யாழ்ப்பாணக் கிராமங்களிற் காணப்பட்டமை இதன் பயன்.

ஆயின் ஏற்பாடு நெகிழ்ந்தது வீட்டினுள்ளேயாம். மனைவியர் உடன்செல்லத் தொடங்கிய காலத்துப் புதிய நகரமும் ஊராகத் தலைப்பட்டது. பிரிக்பீல்ட்சில் 1904இல் விவேகானந்த ஆச்சிரமம் தோன்றியது. இலங்கைச் சைவர் கந்தசுவாமிக்குக் கோயில் எடுத்தனர். அங்கே பிறந்த பிள்ளைகள் 1893இல் நிறுவப்பெற்ற விக்டோரியா கல்வி நிலையம் முதலியவற்றிற் பயின்றனர். தந்தைக்கு ஊர் என்பது தாம் திரும்பும் இடம். மைந்தனுக்கு விடுமுறையிற் கண்ட இடம்.

1942 சனவரியில் யப்பானியர் கோலாலம்பூரைக் கைப்பற்றியதும் கடிதமும் காசுக் கட்டளையும் நின்றன. 1945 வரை இரு கரையினரும் ஒருவர் நிலையை ஒருவர் அறியாதிருந்தனர். போர் முடிந்தபின் தந்தையர் பலர் திரும்பினர். மைந்தர் பலர் தங்கினர். 1948ஆம் ஆண்டின் இலங்கைப் பிரசாவுரிமைச் சட்டம், மலைநாட்டுத் தமிழரைப் பாதித்த வகையிலேயே பெரிதும் பேசப்படுகின்றது. மலாயாவில் இருந்தோரையும் அது தொட்டது. அச்சட்டத்தின்படி, அது நடைமுறைக்கு வந்தபின் பிறநாட்டிற் பிறந்த பிள்ளை இலங்கைப் பிரசையாதற்குத் தந்தை பிரசையாயிருத்தல் மட்டும் போதாது. அப்பிறப்பு ஓராண்டினுட் பதியப்படுதலும் வேண்டும். 1957 ஆகத்து 31இல் மலாயா சுதந்திரம் பெற்றபோது, அதன் அரசியலமைப்பு அன்று முதல் அங்கே பிறக்கும் பிள்ளைகளைத் தன் பிரசைகளாக ஏற்றது. வட்டுக்கோட்டையிலோ சுன்னாகத்திலோ காணி வாங்கி வைத்திருந்த இலிகிதர், கோலாலம்பூரில் மகன் பிறந்ததும் அவன் பெயரை எந்நாட்டு ஏட்டிற் பதிவதென்று தீர்மானிக்க வேண்டியவரானார். பதிந்தோரும் உளர், தவணை கழியும்வரை பதியாது விட்டோரும் உளர்.