பொதுக் காரணியும் பூச்சிய மூலமும்: அட்சரகணித வரலாறு பற்றிய ஒரு குறிப்பு

பல்லுறுப்பி ஒன்றின் உறுப்புகள் யாவற்றுக்கும் பொதுவான காரணியைப் புறத்தே எடுத்தெழுதுதல் பாடசாலை அட்சரகணிதத்தின் அரிச்சுவடியாகும். தெரியாக் கணியத்தை 'ய' எனக் கொண்டால், ய² − 5ய என்பது ய(ய − 5) ஆகிறது. காலங்கடந்த நியமம் போல மாணவர்முன் வைக்கப்படும் இச்செய்கைக்கும் ஒரு வரலாறு உண்டு.

இதன் வித்து பழையது. ஒரே உயரமுடைய செவ்வகங்கள் சேர்ந்து அதே உயரமுடைய ஒரு பெருஞ்செவ்வகமாகும் என்பதை யூக்கிளிட்டின் நூல் இரண்டாம் பகுதியின் தொடக்கத்திலேயே நிறுவுகிறது. பொதுப் பக்கமே அங்கு பொதுக் காரணி.

பக்தாத்தில் கலீபா அல்-மாமூன் காலத்தில் (813–833) அல்-குவாரிஸ்மி இயற்றிய நூலே 'அல்ஜிப்ரா' என்ற பெயருக்கு ஊற்று. பாகப்பிரிவினை, வாணிகம், நில அளவை, கால்வாய் வெட்டுதல் ஆகியவற்றுக்கு உதவுவதே தமது நோக்கம் என அவர் முன்னுரையிற் கூறுகிறார். வர்க்கமொன்று தன் மூலத்தின் ஐந்து மடங்குக்குச் சமமாயின், மூலம் ஐந்து என்பதே அவர் தரும் விடை. பூச்சியம் அங்கு இடம்பெறவில்லை. இதனை அறியாமை எனல் பொருந்தாது. இந்திய எண்முறை பற்றித் தனி நூலே எழுதியவர் அவர். ஆயின் பக்கமற்ற சதுரம் ஓர் உருவமன்று, பங்கற்றவன் வாரிசுமல்லன். அக்கணிதம் பணிபுரிந்த வாழ்வில் அவ்விடைக்குப் பொருளில்லை.

நிலைமை 17ஆம் நூற்றாண்டில் மாறிற்று. கடற்பயணக் கணிப்பில் ஈடுபட்டிருந்த தொமஸ் ஹரியற்றின் ஆய்வுகள், அவர் மறைந்து பத்தாண்டுகளின் பின், 1631இல் வெளிவந்தன. 1637இல் தெக்காட்டின் 'கேத்திரகணிதம்' வெளியாயிற்று. சமன்பாட்டின் உறுப்புகள் அனைத்தையும் ஒரு பக்கத்திற் சேர்த்துப் பூச்சியத்துக்குச் சமப்படுத்தி, அதனைக் காரணிகளின் பெருக்கமாகக் காணும் முறை இவற்றில் உருப்பெற்றது. பெருக்கம் பூச்சியமாயின் காரணிகளுள் ஒன்றேனும் பூச்சியமாதல் வேண்டும். பொதுக் காரணியை வெளியே எடுத்தல் இப்போது எழுத்துச் சுருக்கம் மட்டுமன்று. விடை காணும் வழியுமாகும்.

சமூகத் தேவையே சிந்தனையை முற்றாக நிர்ணயித்தது எனக் கொள்வது இயந்திரப்பாங்கான பொருள்முதல்வாதமாகும். தேவையிற் பிறந்த குறியீடு, தன்னைப் பிறப்பித்த தேவையின் எல்லையையே கடந்து, பூச்சியத்தையும் ஒரு விடையாக்கியது என்பதே இவ்வரலாற்றின் இயங்கியல்.

இன்றும் ய² = 5ய எனக் கண்டதும் இருபுறமும் 'ய'யால் வகுத்து, ஐந்து என்று மட்டும் எழுதும் மாணவனை நாம் கவனமற்றவன் என்கிறோம். உண்மையில் அவன் பக்தாத்தின் வாயிலில் நிற்கிறான். அங்கிருந்து முன்னேறும் பாதையைக் காட்டாது சிவப்புக் கோட்டை மட்டும் இடும் கல்வி, விதியைக் கற்பிக்கலாம், சிந்தனையைக் கற்பிக்காது.