புகைவண்டியின் புகை எங்கே போயிற்று?

தமிழில் அதற்குப் புகைவண்டி என்று பெயர் வைத்தோம். இலங்கைத் தமிழர்கள் இன்றும் புகையிரதம் என்கிறார்கள். தெலுங்கில் பொகபண்டி, பொருள் அதுவே. மலையாளத்தில் தீவண்டி. மராத்தியிலும் குஜராத்தியிலும் ஆக்‌காடி, அதாவது நெருப்பு வண்டி. கன்னடத்தில் உகிபண்டி, உகி என்றால் நீராவி. ரயில் என்ற ஆங்கிலச் சொல் தண்டவாளத்தைப் பார்த்து எழுந்தது. நம் மொழிகளோ அந்த இயந்திரம் உள்ளே எதை எரித்தது, வெளியே எதை உமிழ்ந்தது என்பதைப் பார்த்துப் பெயரிட்டன.

மொழியியல் படித்தவர் எவருக்கும் இதில் ஒரு சுவை உண்டு. பொருள் மாறிய பின்னும் சொல் நிலைத்திருப்பதற்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு எளிதில் கிடைக்காது. இந்தியாவின் அகலப்பாதையில் 95 விழுக்காட்டுக்கும் மேல் இன்று மின்மயமாகிவிட்டது. வண்டி இருக்கிறது, புகை இல்லை, பெயரில் மட்டும் புகை எஞ்சியிருக்கிறது என்றுதான் நானும் நினைத்திருந்தேன். ரயில் எஞ்சின்களின் வரலாற்றைப் படிக்கப் படிக்க அந்த எண்ணம் மாறியது. புகை மறையவில்லை, ஒவ்வொரு காலத்திலும் வேறோர் இடத்துக்குக் குடிபெயர்ந்திருக்கிறது. கனரக இயந்திரங்களின் கரிம உமிழ்வைக் குறைப்பது பற்றி இன்று பேசுவோர் இந்த இடப்பெயர்ச்சியை அறிந்திருப்பது நல்லது.

1853 ஏப்ரல் 16 அன்று பம்பாயின் போரி பந்தரிலிருந்து தாணே வரை ஓடிய முதல் பயணிகள் வண்டியைச் சாகிப், சிந்து, சுல்தான் என்ற மூன்று எஞ்சின்கள் இழுத்தன. மூன்றும் இங்கிலாந்தில் வார்க்கப்பட்டவை. அவற்றின் இரும்பை உருக்கிய உலையின் புகை அங்கே எழுந்தது. ஓட்டத்தின் புகை இங்கே எழுந்தது. ஓர் இயந்திரத்துக்கு உற்பத்திப் புகை, பயன்பாட்டுப் புகை என இரண்டு கணக்குகள் உண்டு என்பது அந்த முதல் நாளிலேயே கண்கூடு. ஆனால் அன்று யாரும் கணக்கு வைக்கவில்லை.

நீராவி எஞ்சின் பெருந்தீனிக்காரன். எரித்த நிலக்கரியின் ஆற்றலில் பத்தில் ஒரு பங்குகூட இழுவிசையாக மாறுவதில்லை. எஞ்சியது வெப்பமாகவும் ஆவியாகவும் காற்றில் போகும். ஓடுவதற்கான நிலக்கரியை ரயில்வேயே சுமந்துசென்று ஊர் ஊராக இறக்கவும் வேண்டியிருந்தது. கிழக்கிந்திய ரயில்வே நிறுவனம் கிரிடியில் சொந்தமாகச் சுரங்கமே வைத்திருந்தது.

முதல் இடப்பெயர்ச்சி 1925 பிப்ரவரி 3 அன்று தொடங்கியது. விக்டோரியா டெர்மினஸிலிருந்து குர்லா வரை, 1500 வோல்ட் நேர்மின்னோட்டத்தில் இந்தியாவின் முதல் மின்ரயில் ஓடியது. 1929இல் மின்கம்பி போர் மலைக்கணவாயைக் கடந்து புனேயை எட்டியது. சென்னையில் கடற்கரை–தாம்பரம் மீட்டர் பாதை 1931இல் மின்மயமாயிற்று. இவற்றில் எதற்கும் காற்றின் தூய்மை முதற்காரணம் அன்று. மலையேற்றத்தில் நீராவி எஞ்சின் திணறியது. புறநகர்க் கூட்டம் பெருகியது. அடிக்கடி நின்று விரைந்து கிளம்பும் வண்டிகள் தேவைப்பட்டன.

அந்த மின்சாரம் எங்கிருந்து வந்தது? அதே மேற்குத் தொடர்ச்சி மலையின் நீரைக் கொண்டு கோப்போலியில் டாட்டா நிறுவனம் மின்சாரம் எடுத்து, 1915 முதலே பம்பாயின் பஞ்சாலைகளுக்கு அனுப்பி வந்தது. ஆயினும் கிரேட் இந்தியன் பெனின்சுலா ரயில்வே தன் மின்பாதைகளுக்கெனக் கல்யாண் அருகே தாக்குர்லியில் ஓர் அனல்மின் நிலையத்தைக் கட்டிக்கொண்டது. எஞ்சினின் தலையிலிருந்த புகைபோக்கி தாக்குர்லியின் வயல்வெளிக்கு நகர்ந்தது. பயணியின் சட்டையில் கரித்தூள் படியவில்லை; நிலக்கரி எரிந்துகொண்டுதான் இருந்தது.

இதைக் குறையாக மட்டும் சொல்வது நேர்மையாகாது. ஓர் அனல்மின் நிலையம் நிலக்கரியின் ஆற்றலில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கை மின்சாரமாக்கும். நீராவி எஞ்சினோடு ஒப்பிட்டால் அதே இழுவைக்கு எரியும் கரி பன்மடங்கு குறைவு. புகை இடம் மாறியபோது குறையவும் செய்தது. என் வாதம் அது குறையவில்லை என்பதன்று. இடம் மாறியதை முற்றிலும் ஒழிந்ததாக எண்ணிவிடுகிறோம் என்பதே.

விடுதலைக்குப் பின் எஞ்சின் உற்பத்தியும் இங்கே வந்தது. மேற்கு வங்கத்தின் சித்தரஞ்சனில் 1950இல் தொடங்கிய தொழிற்சாலை 2351 நீராவி எஞ்சின்களைச் செய்தது. 1961இல் அங்கேயே மின் எஞ்சின் உற்பத்தியும் தொடங்கிவிட்டது. 1964இல் வாரணாசி ஆலை, அமெரிக்காவின் ஆல்கோ நிறுவனத் தொழில்நுட்பத்தில் டீசல் எஞ்சின்களை வெளியிட்டது. இவ்வளவுக்குப் பிறகும் சித்தரஞ்சன் நீராவி எஞ்சின்களைச் செய்துகொண்டிருந்தது. கடைசி அகலப்பாதை நீராவி எஞ்சின் 1970 ஜூனில் வெளிவந்தது. அதற்கு அந்திம் சிதாரா, அதாவது இறுதி விண்மீன் என்று பெயரிட்டார்கள். அகலப்பாதையில் நீராவியின் முறையான ஓட்டம் முடிந்தது 1995 டிசம்பரில்தான்.

இந்த 25 ஆண்டு இடைவெளியைக் கவனிக்க வேண்டும். கைப்பேசியைப்போல ஈராண்டில் தூக்கி எறியும் பொருளன்று கனரக இயந்திரம். இன்று தொழிற்சாலை வாயிலைத் தாண்டும் எஞ்சின் 30, 35 ஆண்டுகள் உழைக்கும். எந்த எரிபொருளுக்காக அதைச் செய்கிறோம் என்பது ஒரு தலைமுறைக் காற்றின் மீது எழுதும் பத்திரம்.

அந்தப் பத்திரத்தை 2015 நவம்பரில் இரண்டு கைகளாலும் எழுதினோம். பீகாரின் மதேபுராவில் 12,000 குதிரைத்திறன் கொண்ட 800 மின் எஞ்சின்களுக்கு அல்ஸ்தோம் நிறுவனத்துடனும், அதே பீகாரின் மட்ஹௌராவில் 1000 டீசல் எஞ்சின்களுக்கு ஜெனரல் எலக்ட்ரிக் நிறுவனத்துடனும் ஒரே மாதத்தில் ஒப்பந்தம். 2018 செப்டம்பரில் அகலப்பாதை முழுவதையும் மின்மயமாக்க மத்திய அமைச்சரவை ஒப்புதல் தந்தது. அப்படியானால் டீசல் எஞ்சின்களின் வருங்காலம்? 2025 ஜூனில் மட்ஹௌராவிலிருந்து மேற்கு ஆப்பிரிக்காவின் கினி நாட்டுக்கு ஏற்றுமதி தொடங்கியது. சிமாண்டு இரும்புத்தாதுத் திட்டத்துக்காக 150 டீசல் எஞ்சின்கள். தொழிலாளர்க்கு வேலையும் நாட்டுக்கு வருவாயும் தரும் செய்திதான். புகை இம்முறை கடல் கடந்தது என்பதும் உண்மை.

உள்நாட்டில் என்ன நடக்கிறது? இந்திய ரயில்வே 2030க்குள் நிகர உமிழ்வைப் பூச்சியமாக்க இலக்கு வைத்திருக்கிறது. 2020இல் மத்தியப் பிரதேசத்தின் பீனாவில் 1.7 மெகாவாட் சூரிய மின்சாரத்தை நேரடியாக ரயிலின் மின்கம்பிக்குச் செலுத்தும் நிலையம் அமைந்தது. அரிய முயற்சி. ஆனால் ஏறத்தாழ அதே காலத்தில், பீகாரின் நபிநகரில் தேசிய அனல்மின் கழகத்தோடு ரயில்வே கூட்டுச் சேர்ந்து கட்டிய 1000 மெகாவாட் நிலக்கரி மின் நிலையமும் நிறைவடைந்து கொண்டிருந்தது. அதன் மின்சாரத்தில் 90 விழுக்காடு ரயில்வேக்கு. ஏறத்தாழ நூறாண்டுக்குப் பின் இன்னொரு தாக்குர்லி!

இன்னொரு வட்டமும் இருக்கிறது. 2023–24இல் இந்திய ரயில்வே சுமந்த ஏறத்தாழ 159 கோடி டன் சரக்கில் கிட்டத்தட்டப் பாதி நிலக்கரி. மின் எஞ்சின் இழுத்துச் செல்லும் பெட்டிகளில் அதன் மின்சாரத்துக்கு மூலமான கரியும் இருக்கிறது. நீராவி எஞ்சின் தன் கரியைத் தன் முதுகிலேயே சுமந்தது. மின் எஞ்சின் பின்னால் கட்டி இழுக்கிறது.

கடைசியாக உற்பத்திப் புகை. சரக்கு இழுக்கும் டபிள்யூஏஜி-9 வகை எஞ்சின் 123 டன். சக்கரம் வழுக்காமல் தண்டவாளத்தைப் பற்றவேண்டும் என்பதற்காகவே அதன் எடையைக் கூட்டி 132 டன்னாக்கினார்கள். ஆகவே இரும்பைக் குறைப்பது எளிதன்று. இரும்பைச் செய்யும் முறைதான் மாறவேண்டும். இந்தியாவில் ஒரு டன் எஃகு உருவாகும்போது சராசரியாக ஏறத்தாழ 2.5 டன் கரியமில வாயு வெளியேறுகிறது; இது உலகச் சராசரியைவிட அதிகம். 2024 டிசம்பரில் எஃகு அமைச்சகம் பசுமை எஃகுக்கு வரையறை வகுத்து, டன்னுக்கு 2.2 டன்னுக்குக் கீழ் என்று எல்லை வைத்தது. வரையறை வந்துவிட்டது. எஞ்சினும் பெட்டியும் தண்டவாளமும் வாங்கும் அரசே அந்த எஃகைக் கேட்டு வாங்கினால்தான் அது ஏட்டைவிட்டு உலைக்குப் போகும்.

இருக்கும் இரும்பையே மீண்டும் பயன்படுத்தும் வழியும் உண்டு. வாரணாசித் தொழிலாளர்கள் பழைய டீசல் எஞ்சின்களின் சட்டகத்தை வைத்துக்கொண்டே அவற்றை மின் எஞ்சின்களாக மாற்றிக் காட்டினார்கள். 2019 பிப்ரவரியில் அந்த இணை எஞ்சின் கொடியசைத்து அனுப்பப்பட்டது. புதிதாக வார்க்காத இரும்புக்கு உலைப்புகை இல்லை.

ஓர் இயந்திரம் புகையற்றது என்று யாராவது சொன்னால் மூன்று கேள்விகள் கேட்கலாம். அதன் இரும்பு எந்த உலையிலிருந்து வந்தது? அதன் மின்சாரம் எந்த நிலையத்திலிருந்து வருகிறது? அது விரட்டிய பழைய இயந்திரம் இப்போது எந்த ஊரில் ஓடுகிறது? விடைகள் ஒழுங்காகக் கிடைக்கும்வரை புகைவண்டி என்ற சொல்லைப் பழசு என்று அகராதியில் குறிக்க எனக்கு மனம் வரவில்லை.

உங்கள் வீட்டுப் பெரியவர்கள் ரயிலை என்ன பெயரிட்டு அழைத்தார்கள்? ஊர்ப் பெயரோடு எழுதுங்கள். சேர்த்து வைத்துக்கொள்கிறேன்.