தோளில் ஏறிய இலக்கம்

தெரணியகல, யட்டியாந்தோட்டை, பலாங்கொடை, இறக்குவானை எனச் சப்ரகமுவத் தோட்டப் பாடசாலை எதன் கரும்பலகையிலும் இந்தக் கணக்கு வரலாம்: (5⁴)□ = 5¹². 4-உம் 8-உம் 12 என்று பெட்டிக்குள் 8-ஐ எழுதத்தான் கை முதலில் போகும்.

எண்ணின் தோளில் ஏறியிருக்கும் அந்தச் சின்னச் சுட்டி, லயத்துப் பிள்ளையின் கொப்பிக்கு வர நெடுங்காலம் பிடித்தது. கி.மு. 3ஆம் நூற்றாண்டில், உலகை நிரப்பும் மணலை எண்ணப் புறப்பட்ட ஆர்க்கிமிடீஸுக்கு அது இல்லை. எல்லாவற்றையும் சொல்லாலேயே எழுதினார். பத்துக் கோடியைப் பத்துக் கோடி தடவை தன்னோடு பெருக்கினார்: (10⁸)இன் வலு 10⁸. 1-க்குப் பின் 80 கோடி பூச்சியம். அந்த எண்ணையும் மறுபடி பத்துக் கோடி வலுவுக்கு உயர்த்தினார். வலுவின் வலுவை அவ்வளவு துணிவாகக் கையாண்டவரிடம் அதற்கொரு குறியீடு இல்லாதது எனக்கு இன்றும் வியப்பு.

சமணரின் அனுயோகத்துவார சூத்திரம் வேறு வழியில் வந்தது. 2-ஐத் தொடர்ந்து வர்க்கித்தால் ஐந்தாம் வர்க்கம் 2³², ஆறாவது 2⁶⁴. இரண்டையும் பெருக்கி வருவதை 96 தடவை பாதியாக்கலாம் என்கிறது. பாதியாக்கும் தடவையை எண்ணுவது மறைந்த சுட்டியைத் தேடுவதேதான்.

1484இல் பிரான்சின் சூக்கே இலக்கத்தை மேலே தூக்கி எழுதினார்; அவருடைய கையெழுத்துப் பிரதி 1880 வரை அச்சேறவில்லை. 1637இல் டேக்கார்ட்டின் நூலோடு இன்றைய வடிவம் நிலைத்தது.

இலங்கையில் இலவசக் கல்வி 1945இல் வந்தது. தோட்டப் பள்ளிக்கூடங்களோ அதற்கு வெளியே, தோட்ட நிர்வாகத்தின் கையில் கிடந்தன. எழுத்தும் கூட்டல் கழித்தலும் போதும் என்ற ஏற்பாடு அது. கொழுந்தெடுத்தவர்களும் பால்வெட்டியவர்களும் பெற்ற பிள்ளைகளுக்கு அதற்குமேல் வேண்டாம் என்று யாரோ முடிவெடுத்திருந்தார்கள். அதை அநீதி என்றே சொல்வேன். 1970களில் அரசு அவற்றைப் பொறுப்பேற்கத் தொடங்கியது. 1980இல் இலவசப் பாடநூல் வந்தது. சுட்டி மலை ஏறியது அப்படித்தான்.

இனிப் பெட்டிக்கு வருவோம். விதியை ஒப்புவிக்கச் சொல்லாமல், நீட்டி எழுதவிடுங்கள்: 5⁴ × 5⁴ × 5⁴. நான்கு நான்காக மூன்று தடவை, ஆகவே 12. கூட்டியதைத்தான் பெருக்கலாகச் சுருக்கியிருக்கிறோம் என்பதைப் பிள்ளை கண்ணால் பார்க்கும். 12-ஐ 4-ஆல் வகுத்தால் விடை 3. எட்டு வரும் இடம் வேறு: 5⁴ × 5⁸.

அடுத்து 8□ = 2¹² கொடுங்கள். 8 என்பது 2³ என்று கண்டவுடன் பெட்டியில் 4 விழும். பிறகு 4□ = 2⁵. அடி 2², எனவே பெட்டியில் 5/2. முழுவெண் இல்லையே என்று பிள்ளை தயங்கும். பின்னச் சுட்டியை நியூட்டன் 1676இல் ஒரு கடிதத்தில் விளக்கினார். நம் பிள்ளைக்கு வர்க்கமூலமே போதும். 4-இன் வர்க்கம் 16, 4-இன் வர்க்கமூலம் 2, இரண்டும் பெருக 32. அதுதான் 2⁵.