ஆலைச் சங்கு ஓய்ந்த பின்: மறுபயிற்சியின் வரலாறு

ஊர் விட்டு ஊர் வந்து பிழைப்பவர்களுக்குத் தொழில் என்பது வெறும் வருமானம் அன்று. வந்த ஊரில் கால் ஊன்றி நிற்பதற்கு அதுவே தரை. திருநெல்வேலிச் சீமையிலிருந்து தாராவிக்கு வந்தவர்களும், தஞ்சையிலிருந்தும் பாலக்காட்டிலிருந்தும் மாதுங்காவுக்கு வந்தவர்களும் இதனை அனுபவத்தால் அறிந்தவர்கள். அந்தத் தரை ஒருநாள் நழுவிவிட்டால், ஒரே தொழிலை அறிந்த நாற்பது, ஐம்பது வயதுத் தொழிலாளி என்ன செய்வது? அவருக்கு வேறொரு தொழிலைக் கற்பிப்பது யார் பொறுப்பு? அரசாங்கம் பணம் தருகிறது. பயிற்சி நிலையம் பாடம் சொல்கிறது. முதலாளி வேலை தருவார் என்று எதிர்பார்க்கப்படுகிறது. இம்மூவரும் கைகோத்து நின்ற காலமும் உண்டு. ஒருவர் கையை ஒருவர் விட்டுவிட்ட காலமும் உண்டு. இரண்டுக்கும் பம்பாய் நகரம் சாட்சியாக இருக்கிறது. 1995ஆம் ஆண்டில் மும்பை என்று பெயர் மாறிய பின்னரும் அந்தச் சாட்சியம் மாறவில்லை.

முதலில் தொழிற்கல்வி இந்நகரில் எப்படிப் பிறந்தது என்று பார்ப்போம். காவஸ்ஜி நானாபாய் தாவர் என்ற பார்சி வணிகர் 1854ஆம் ஆண்டில் இங்கே முதல் பஞ்சாலைக் கம்பெனியைத் தொடங்கினார். ஆலைகள் பெருகின, ஆலைகளை நடத்தத் தெரிந்த ஆட்கள் தேவைப்பட்டார்கள். அதன் விளைவாக 1887இல் விக்டோரியா ஜூபிலி டெக்னிகல் இன்ஸ்டிடியூட் தோன்றியது. 1923இல் அது மாதுங்காவிற்கு இடம் மாறியது. 1997 முதல் வீரமாதா ஜீஜாபாய் பெயரைத் தாங்கி நிற்கிறது. 1933இல் பம்பாய்ப் பல்கலைக்கழகம் தொடங்கிய இரசாயனத் தொழில்நுட்பத் துறையிலும் துணிச் சாயம் பற்றிய கல்வி முக்கிய இடம் பெற்றது. பின்னர் அதுவும் மாதுங்காவிலேயே நிலைகொண்டது. இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். இந்த நிலையங்கள் ஆலையின் தேவையைக் கண்டு பிறந்தவை. பாடத்திற்கும் வேலைக்கும் இடையே தூரம் குறைவாயிருந்தது. ஆனால் அவை மேற்பார்வையாளரையும் பொறியாளரையும் உருவாக்கின. தறியருகே நின்றவர் தம் தொழிலைத் தறியருகேயே, மூத்த தொழிலாளியின் பக்கத்தில் நின்றே கற்றார்.

சர்க்கார் தானே முன்வந்து பெரிய அளவில் தொழிற்பயிற்சி அளித்தது இரண்டாவது உலகப் போரின்போதுதான். போர்த் தளவாடங்களுக்குத் தொழில் வல்லுநர் வேண்டியிருந்ததால் 1940இல் பயிற்சித் திட்டம் ஒன்று வகுக்கப்பட்டது. போர் முடியும் தறுவாயில் வேறொரு கவலை எழுந்தது. படையிலிருந்து திரும்பி வரும் வீரர்களுக்கு என்ன வேலை? அதற்கென 1945 ஜூலையில் மறுகுடியமர்வு, வேலைவாய்ப்புத் தலைமை இயக்ககம் ஏற்பட்டது. வேலைவாய்ப்பு நிலையம் ஒரு கையாகவும் பயிற்சி நிலையம் மறு கையாகவும் அதன்கீழ் இயங்கின.

இயக்ககம் தோன்றி இரண்டே ஆண்டுகளில் அதைவிடப் பெரிய சோதனை வந்தது. 1947இல் நாடு பிரிந்தபோது லட்சக்கணக்கான மக்கள் வீடும் தொழிலும் இழந்து வந்தனர். வீரர்களுக்காக ஏற்பட்ட அமைப்பு அவர்களுக்கும் திறந்துவிடப்பட்டது. சிந்து மாகாணத்திலிருந்து வந்தவர்கள் செம்பூரிலும் கல்யாண் முகாம்களிலும் தங்கினர். செம்பூரில் இன்றும் ஒரு பகுதிக்குக் 'கேம்ப்' என்ற பெயர் நிலைத்திருப்பதை நம்மவர் அறிவர். கல்யாண் முகாம்களோ உல்லாஸ் நகராயின. 1949 ஆகஸ்டில் அந்நகருக்கு அடிக்கல் நாட்டியவர் அப்போதைய கவர்னர் ஜெனரலான நம் ராஜாஜி.

வடக்கே, இன்றைய ஹரியானாவிலுள்ள நீலோக்கேரியில் எஸ்.கே.டே என்ற பொறியாளர் 1948இல் செய்த சோதனை இன்னும் துணிச்சலானது. குருக்ஷேத்திர முகாமில் இருந்தவர்களைக் கொண்டு, பயிற்சிக்கூடம், பட்டறை, குடியிருப்பு ஆகியவை ஒன்றாய் அமைந்த ஓர் ஊரையே எழுப்பினார். கற்பவர் செய்த பொருள் அவ்வூரிலேயே பயன்பட்டது; கற்றவர் அவ்வூரிலேயே தொழில் செய்தார். பயிற்சியையும் வேலையையும் அவர் இரண்டாகக் கருதவில்லை. இதே டே அவர்கள் பின்னாளில் சமுதாய வளர்ச்சித் துறையின் மத்திய அமைச்சரானார். வேறு பல இடங்களில் இடம்பெயர்ந்தோர் தொழிற்சாலைகளிலேயே பயிலுநராகச் சேர்க்கப்பட்டனர். பயிலும் காலத்தில் உதவித்தொகை கிடைத்தது. கற்பவர் பசியோடு கற்க முடியாது என்பதை அக்காலத்தவர் நன்கு உணர்ந்திருந்தனர்.

நெருக்கடி தணிந்ததும் அந்தப் பயிற்சி நிலையங்களின் நோக்கம் மாறியது. 1950இல் கைவினைஞர் பயிற்சித் திட்டம் வந்தது. இன்று நாம் ஐ.டி.ஐ. என்று அழைக்கும் நிலையங்கள் அதன் வழி வளர்ந்தவை. 1956 நவம்பரில் அவற்றின் அன்றாட நிர்வாகம் மாநிலங்களிடம் ஒப்படைக்கப்பட்டது. 1961இல் பயிலுநர் சட்டம் நிறைவேறியது. இவை யாவும் நல்ல காரியங்களே. ஆயினும் இவை பள்ளியை விட்டு வரும் இளைஞனை மனத்தில் கொண்டு எழுந்தவை. வேலையிலிருந்து வெளியேறும் நடுவயதினருக்கு அங்கே இடமில்லை. அப்படி ஒருவர் கூட்டம் கூட்டமாக வந்து நிற்பார் என்று அக்காலத்தில் யாரும் எண்ணியிருக்கமாட்டார்கள். நாடு தொழில்மயமாகும் என்பதே அன்றைய நம்பிக்கை. தொழிலே கலைந்துபோகும் என்ற நினைப்பு எழவில்லை. அமெரிக்காவில், இயந்திரங்களின் முன்னேற்றத்தால் வேலையிழந்தோரை மனத்தில் வைத்து 1962இலேயே மனிதவளப் பயிற்சிச் சட்டம் இயற்றினார்கள். நமக்கு அந்தச் சிந்தனை வர முப்பது ஆண்டுகள் சென்றன.

1982 ஜனவரி 18ஆம் தேதி பம்பாய்ப் பஞ்சாலைகளில் வேலைநிறுத்தம் தொடங்கியது. டாக்டர் தத்தா சாமந்த் தலைமையில் சுமார் இரண்டரை லட்சம் தொழிலாளர் வெளியேறினர். அந்த வேலைநிறுத்தம் முறைப்படி முடித்துக்கொள்ளப்படவே இல்லை. ஆலைகள் பல மூடின. திறந்தவையும் ஆட்களைக் குறைத்தன. கிராமத்திலிருந்து வரும் உறவினரை அதிகாலையில் எழுப்பிய ஆலைச் சங்கு, கிரண்காவ் எனப்படும் ஆலைப் பகுதியில் ஒவ்வொன்றாக ஓய்ந்தது.

அரசாங்கம் முதலில் செய்தது நிவாரணம். 1986 செப்டம்பரில் பஞ்சாலைத் தொழிலாளர் மறுவாழ்வு நிதித் திட்டம் வந்தது. நிரந்தரமாக மூடப்பட்ட தனியார் ஆலையின் தொழிலாளிக்கு முதலாண்டில் ஊதியத்தில் நூற்றுக்கு 75 பங்கும், இரண்டாம் ஆண்டில் 50 பங்கும், மூன்றாம் ஆண்டில் 25 பங்கும் வழங்கப்பட்டன. மூன்றாண்டுகளில் அவர் வேறு வேலை தேடிக்கொள்வார் என்பது கணக்கு. தேடுவதற்கு வழி காட்டுவோர் யார் என்பதற்கு அத்திட்டத்தில் விடை இல்லை. மேலும் தொடர்ந்த சேவை வேண்டும் என்ற நிபந்தனையால், நாள்தோறும் வாயிலில் நின்று வேலை பெற்ற 'பதிலி' ஆட்களுக்கு அதில் இடம் கிடைப்பது அரிதாயிற்று.

பிறகு 1992 பிப்ரவரியில் தேசிய புதுப்பிப்பு நிதி அமைக்கப்பட்டது. மறுபயிற்சி என்ற சொல் ஆலைத் தொழிலாளியின் காதில் விழுந்தது அப்போதுதான். பம்பாய், அகமதாபாத், கல்கத்தா, இந்தூர், கான்பூர் ஆகிய ஐந்து நகரங்களில் பொறுப்பு நிறுவனங்கள் நியமிக்கப்பட்டன. வேலையிழந்தோரைக் கணக்கெடுப்பது, ஆலோசனை கூறுவது, பயிற்சிக்கு அனுப்புவது, புது வேலையில் அமர்த்துவது என்னும் நான்கும் அவற்றின் பணி. பாடம் சொல்லும் வேலை தொழிற்பயிற்சி நிலையங்களிடமும் பிற அமைப்புகளிடமும் விடப்பட்டது. ஏட்டளவில் குறை சொல்ல முடியாத ஏற்பாடு! நடைமுறையில், நிதியின் பெரும்பகுதி பொதுத்துறை நிறுவனங்களின் விருப்ப ஓய்வுத் தொகைக்கே சென்றது. பயிற்சிக்கு எஞ்சியது சிறுபகுதி. 2000ஆம் ஆண்டில் அந்த நிதி கலைக்கப்பட்டது.

மொழிபெயர்ப்பையே தொழிலாகக் கொண்டவன் என்ற முறையில் ஒன்று சொல்ல விரும்புகிறேன். இத்திட்டங்களின் ஆங்கில ஏடுகளில் வேலையிழந்தவரை 'ரேஷனலைஸ்டு ஒர்க்கர்' என்று எழுதியிருப்பார்கள். அகராதியைப் பார்த்துப் பெயர்த்தால் 'சீரமைக்கப்பட்ட தொழிலாளி' என்றாகும். சீரமைக்கப்பட்டது ஆலையின் கணக்கு. தொழிலாளியின் வாழ்வோ சீர்குலைந்தது. 'ஆட்குறைப்புக்கு ஆளானவர்' என்று எழுதினால்தான் தமிழ் உண்மை பேசும். சொல் மழுங்கினால் திட்டமும் மழுங்கும். 1947இல் வந்தவர்களை 'இடம்பெயர்ந்தோர்' என்று வெளிப்படையாக அழைத்தோம். அவர்களுக்கு இடம் தேடித் தருவது கடமை என்பதும் வெளிப்படையாக விளங்கியது.

2001இல் பொதுத்துறை நிறுவனங்களின் ஊழியருக்கென மற்றொரு மறுபயிற்சித் திட்டம் வந்தது. ஓரிரு மாதங்களுக்குள் முடியும் பயிற்சிகள் அளிக்கப்பட்டன. 2007இல் ஒரு திருத்தம் செய்தார்கள்: ஓய்வு பெற்றவர் தாம் பயில விரும்பாவிடில் அவரைச் சார்ந்த ஒருவர் பயிலலாம். முப்பது ஆண்டு ஓரியந்திரத்தைக் கையாண்டவரை இரண்டே மாதங்களில் வேறு மனிதராக்க முடியாது என்பதை அரசாங்கமே ஒப்புக்கொண்டது போல இத்திருத்தம் அமைந்தது. ஆலை நிலங்களைப் பற்றிய நகர வளர்ச்சி விதி 58லும், அங்கே எழும் புதிய தொழிலில் தொழிலாளிக்கோ அவர் குடும்பத்தில் ஒருவருக்கோ முன்னுரிமை தருவதும், அதற்கான பயிற்சியை உரிமையாளரே அளிப்பதும் சேர்க்கப்பட்டன. வேலையும் பயிற்சியும் ஒரே வாக்கியத்தில் இணைந்த விதி அது. ஆனால் ஆலை நிலத்தில் எழுந்தவை அங்காடிகளும் அலுவலகங்களும் மாளிகைகளுமே. நெசவாளியின் கைத்திறனை அங்கே கேட்பவர் இல்லை.

இனி நம்மவர் நிலையைப் பார்ப்போம். தாராவியில் திருநெல்வேலித் தமிழர் பலர் தோல் பதனிடும் தொழிலில் இருந்தனர். 1971இல் பாந்திராவின் இறைச்சிக்கூடம் தேவனாருக்குச் சென்றது. பதனிடும் தொட்டிகள் படிப்படியாக மறைந்தன. அவர்களுக்கென மறுவாழ்வு நிதியும் இல்லை. ஆலோசனை நிலையமும் இல்லை. ஏனெனில் எந்தப் பதிவேட்டிலும் அவர்கள் பெயர் இல்லை. பதனிட்ட தோலை வெளியூரிலிருந்து வரவழைத்து, பையும் வாரும் தைக்கும் தொழிலைத் தாராவியே தனக்குத் தானே கற்றுக்கொடுத்தது. பட்டறையே பள்ளி, மூத்தவரே ஆசிரியர். மாதுங்காவில் வேறு காட்சி. வங்கிகளில் கணினி நுழைந்தபோது, 1983 முதல் சங்கங்களும் நிர்வாகமும் உடன்பாடு செய்துகொண்டன. தட்டச்சில் தேர்ந்த நம் குமாஸ்தாக்கள் பதவியில் இருந்தபடியே கணினியைப் பழகினர். வேலை போன பின் அளிக்கும் பயிற்சிக்கும், வேலையில் இருக்கும்போதே அளிக்கும் பயிற்சிக்கும் உள்ள வேற்றுமை இங்கே விளங்குகிறது. பதிவேட்டில் பெயரும், பேசுவதற்குச் சங்கமும் இருந்தவர்கள் தப்பினர்.

இன்றைய நிலை என்ன? 2015இல் தொடங்கிய பிரதம மந்திரி திறன் மேம்பாட்டுத் திட்டத்தில் தனியார் பயிற்சி நிலையங்கள் அரசாங்கத்தின் கூட்டாளிகளாயின. 2016 முதல் 2020 வரையிலான கட்டத்தில் அவற்றுக்குரிய கட்டணம் மூன்று தவணையாக வழங்கப்பட்டது: பயிற்சி தொடங்கும்போது நூற்றுக்கு 30, சான்றிதழ் பெற்றதும் 50, வேலையில் அமர்த்திய பின் 20. நீலோக்கேரியில் வேலையே பயிற்சியின் உயிராக இருந்தது. இங்கே அது கடைசி ஐந்தில் ஒரு பங்கு. நிலையத்தார் மீது மட்டும் பழி சொல்வது முறையன்று. எதற்குப் பணம் கிடைக்குமோ அதையே நிலையமும் செய்யும். இத்திட்டத்தில் ஒரு நல்ல அம்சமும் உண்டு. ஒருவர் அனுபவத்தால் பெற்ற திறனைச் சோதித்துச் சான்றிதழ் தரும் வழி அதில் இருக்கிறது. பள்ளியில் படிக்காமல் பட்டறையில் படித்த தாராவித் தொழிலாளிக்கு இது பெரிதும் பொருந்தும்.

அந்தத் தாராவி மீண்டும் ஒரு திருப்பத்தில் நிற்கிறது. 2004இல் அறிவிக்கப்பட்ட புனரமைப்பு, 2023இல் ஒப்பந்தமாகி, 2024இல் வீடுவீடாகக் கணக்கெடுப்பு தொடங்கியது. 2000 ஜனவரி முதல் தேதிக்கு முன் குடியேறியதற்குச் சான்று உடையவர்க்கே அங்கேயே இலவச வீடு என்பது விதி. வீட்டைப் பற்றிப் பேச்சு நிறைய நடக்கிறது. வீட்டுக்குள்ளேயே நடக்கும் தொழிலைப் பற்றிய பேச்சு அத்தனை கேட்கவில்லை.

வரலாறு நமக்குச் சொல்வது எளிய செய்திதான். ஏட்டில் பெயர் இருக்க வேண்டும். ஆகவே வருகைச் சீட்டு, சேமநிதி எண், பட்டறை வாடகை ரசீது ஆகியவற்றைப் பழைய காகிதம் என்று எறிந்துவிடாதீர்கள். பயிற்சி நிலையத்தின் வாசலில் மூன்று கேள்விகள் கேளுங்கள்: முன்பு இங்கே படித்தவர்கள் இப்போது எங்கே வேலை செய்கிறார்கள்? படிக்கும் நாட்களில் குடும்பத்திற்குச் சோறு எங்கிருந்து வரும்? என் பழைய தொழிலறிவுக்கு இங்கே என்ன மதிப்பு? மூன்றுக்கும் விடை தரும் நிலையத்தை நம்பலாம். விடை தராத நிலையம் சான்றிதழ் தரலாம், வாழ்வு தராது.