எந்தப் பாட்டிலிருந்து தொடங்குவது?

"மேம், நாட்டுப்புறப் பாட்டு கேக்கணும்னு ஆசை. எதுலருந்து ஆரம்பிக்கிறது?" கூடுவாஞ்சேரி நடைமேடையில் தாம்பரம் வண்டிக்குக் காத்திருந்தபோது ஒரு மாணவி கேட்டாள். சினிமாக் குத்துப்பாட்டுதான் அது என்று நினைத்திருந்தாளாம்.

கொல்லங்குடி கருப்பாயியிலிருந்து தொடங்கு என்றேன். சிவகங்கைப் பக்கத்துக்காரர். வானொலியில் பாடியவர், 1985இல் 'ஆண் பாவம்' படத்தில் பாட்டியாக நடித்தவர், 2025இல் மறைந்தார். மெருகில்லாத, தொண்டை திறந்த குரல். அடுத்து விஜயலட்சுமி நவநீதகிருஷ்ணன். மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில் பணியாற்றியபடி, கணவரோடு சேர்ந்து ஊர்ப் பாடல்களைத் திரட்டி மேடையேற்றியவர். 2018இல் பத்மஸ்ரீ பெற்றார்.

பிறகு ஒப்பாரி கேள். அதை வெறும் அழுகை என்று நினைத்துவிடாதே. பிறந்த வீட்டில் பங்கு கிடைக்காததை, அண்ணி வாசலோடு அனுப்பியதை, புருஷன் கைநீட்டியதையெல்லாம் செத்தவரைச் சாக்கிட்டு ஊர் நடுவில் ஒரு பெண் சொல்லிவிடலாம். இழவு வீட்டில் யாரும் குறுக்கே பேசமாட்டார்கள். பூர்விகச் சொத்தில் மகளுக்கும் சமபங்கு தந்த தமிழ்நாட்டுச் சட்டத் திருத்தம் 1989இல்தான் வந்தது. ஒப்பாரியில் அந்த வழக்கு அதற்கு வெகு முன்பே நடந்துகொண்டிருந்தது.

புத்தகமாகப் படிக்க 'மலையருவி' இருக்கிறது. பெர்சி மாக்வீன் என்ற வெள்ளைக்கார அதிகாரி திரட்டியது, கி.வா.ஜகந்நாதன் பதிப்பித்து 1958இல் வெளிவந்தது. நா.வானமாமலையின் தொகுப்பும் உண்டு. அவர்கள் இல்லையென்றால் பாதிப் பாட்டு மண்ணோடு போயிருக்கும், மறுக்கவில்லை. ஆனால் அட்டையில் இருப்பது திரட்டியவர் பெயர். நாற்று நட்டுக்கொண்டே பாடியவள் பெயர்?

அமெரிக்க மலைநாட்டிலும் இதே கதைதான். புளூகிராஸ் இசையின் வேர்களில் ஒன்றான கார்ட்டர் குடும்பம் 1927இல் பிரிஸ்டல் ஊரில் முதல் இசைத்தட்டுக்குப் பாடியது. பாடியவர் சாரா. எட்டு மாத வயிற்றோடு கிட்டார் வாசித்தவர் மேபெல். ஊர்ப் பாடல்களைத் தேடித் திரட்டித் தன் பெயரில் காப்புரிமை வாங்கிக்கொண்டவர் சாராவின் கணவர் ஏ.பி.கார்ட்டர்.

"உங்க ஆயா பாடுவாங்களா?" என்றேன்.

"பாடி நான் கேட்டதே இல்ல மேம்."

நந்திவரம் ஏரிப் பக்கம் நடவுக்குப் போனவராம். வயல்கள் மனைகளான பிறகு எங்கே பாடுவார்?

மறுவாரம் செல்பேசியில் பதினோரு நிமிடம் பதிந்து வந்தாள். முதல் நாலு நிமிடம், "இதெல்லாம் எதுக்குடி உனக்கு" என்ற பேச்சுதான். பிறகு ஒரு தாலாட்டு. தாய்மாமன் சீர் வரிசையில் தொடங்கி, வராத மாமனைத் திட்டுவதில் போய் நின்றது. வண்டி வந்தும் இருவரும் ஏறவில்லை.

கோப்புக்கு 'ஆயா பாட்டு' என்று பெயர் வைத்திருந்தாள். ஆயா பேரென்ன என்றேன். அம்மாவுக்குப் போன் போட்டுத்தான் கேட்டாள்.